புல்தரையைக் காப்போம்

"ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி வாழ்க" என்று பெரியோர் மணமக்களை வாழ்த்துவர். அந்த அருகம்புல்லே வீட்டு முற்றத்துப் புல்தரைக்கும் ஏற்றது. செய்யாற்றங்கரையில் உள்ள நம் கலசப்பாக்கத்தின் கோடை வெயிலையும் அது தாங்கும். ஆயினும், ஓயாது மிதிபடும் இடத்திலும் அடர்ந்த மரநிழலிலும் அது பட்டுப்போகிறது, மண் வெறுமையாகிறது.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே பிணைத்துவிடுவார். விட்டால் சேலையில் குறை விழும். வெறுமையான மண்ணும் அப்படித்தான். நாம் கவனியாவிட்டால் களைகள் அங்கே குடியேறும்.

கோரையை மேலாகப் பிடித்து இழுத்தால் இலை மட்டுமே கையோடு வரும்; மண்ணுள் தங்கிய கிழங்கு மீண்டும் முளைக்கும். ஆகவே, மண் ஈரமாயிருக்கும்போது ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். 1955-இல் புனேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் பின்னர் நாடெங்கும் பரவியது. அது தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடியது. முற்றத்தில் விளையாடும் தம்பி தங்கையரின் நலன் கருதி, அது பூக்குமுன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவோம்.

பின்பு அவ்விடத்தை 3 அங்குல ஆழம் கொத்தி, மக்கிய தொழுவுரம் கலந்து, கணுக்களுள்ள அருகந்தண்டுகளை 4 அங்குல இடைவெளியில் பதித்து மண்ணை அழுத்த வேண்டும். வேர் பிடிக்கும்வரை நாள்தோறும் நீர் தெளிப்போம். யாரும் மிதியாமல் பார்த்துக்கொள்வோம். எப்போதும் நடக்கும் வழியில் கற்களைப் பதிக்கலாம். நிழல் மிகுந்தால் மரக்கிளைகளைக் கழிக்கலாம்.

களை பிடுங்குவது பாதி வேலையே. அவ்விடத்தில் நல்லதை நட்டு வளர்த்தால்தான் வேலை முழுமை பெறும்.