பாம்பு வளர்த்தல்: இன்பமும் கடமையும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழி. அத்துணை அச்சத்துக்குரிய பிராணியை வீட்டினுள் வைத்துப் பேணுவோர் உளர் எனின், கேட்போர்க்கு அது வியப்பையே தரும். எனினும், இங்கிலாந்து, அமெரிக்க ஐக்கிய நாடு முதலிய மேனாடுகளிற் பாம்பும் வீட்டுப் பிராணிகளுள் ஒன்றாக வளர்க்கப்படுகின்றது. அவ்வளர்ப்பினால் எய்தும் இன்பம் யாது, அதனோடு வந்து பொருந்துங் கடமைகள் யாவை என்பன ஆராயத்தக்கன.

வளர்ப்பு என்னுஞ் சொல்லின் பொருளை முதற்கண் தெளிதல் வேண்டும். நாகத்தின் நச்சுப்பல்லைப் பிடுங்கிக் கூடையில் அடைத்துத் தெருத்தோறும் ஆட்டுவிக்கும் பாம்பாட்டியின் தொழில் வளர்ப்பாகாது. அது பாம்பின் துன்பத்தைக் கொண்டு தன் வயிறு வளர்த்தலேயாம். மேனாட்டார் பெரிதும் வளர்ப்பன நஞ்சில்லாப் பாம்புகளே. அவற்றுள் இரண்டு சிறப்பாகக் கூறத்தக்கன. ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கீழ்ப் பகுதிக்குரிய சோளப்பாம்பு. மற்றையது, மேற்கு ஆபிரிக்காவுக்கும் நடு ஆபிரிக்காவுக்கும் உரிய பந்து மலைப்பாம்பு. அஞ்சிய பொழுது தலையை நடுவே மறைத்துப் பந்துபோற் சுருண்டு கொள்ளுதலின் அது அப்பெயர் பெற்றது.

நச்சுப் பாம்போ கற்றுத் துறைபோயவர்க்கும் விளையாட்டுப் பொருளன்று. ஊர்வனவற்றை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்ற சிக்காகோ நகரத்து அறிஞர் கார்ல் சிமிற், 1957ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், பூம்சிலாங் என்னும் ஆபிரிக்க மரப்பாம்பின் குட்டியொன்று கடித்ததனால் மறுநாளே உயிர் துறந்தார்.

இனி, இன்பம் யாதெனின், அது காட்சியின்பமும் அறிவின்பமுமாம். காலின்றியே தரையில் வழுக்கிச் செல்லும் அதன் நடை கண்ணுக்கு விருந்து. பிளவுபட்ட நாவை நீட்டிக் காற்றிலுள்ள நுண்பொருள்களைத் திரட்டி, மேலண்ணத்திலுள்ள உறுப்பொன்றினால் அது மணமறிகின்றது. மலைப்பாம்பு தன் உதட்டோரக் குழிகளால் இருளிலும் இரையின் உடற்சூட்டை உணர்கின்றது. சட்டை கழற்றுங் காலம் அணுகும்பொழுது கண்கள் பால்போல் மங்குகின்றன; சில நாள்களில் மீண்டுந் தெளிகின்றன. பின்னர் வாய்நுனியைக் கரடான பொருளொன்றில் உராய்ந்து, காலுறையை உட்புறம் வெளிப்புறமாகக் கழற்றுமாறுபோலப் பழந்தோலை உரித்துவிடுகின்றது. பாம்புக்கு இமையில்லை; கண்ணை மூடிய தெளிந்த செதிலும் அத்தோலோடு கழன்றுவிடும். நூலிற் கற்கும் உயிரியலை இவ்வாறு கண்ணெதிரே காணுதல் மாணாக்கர்க்குப் பெரும்பேறன்றோ?

ஆயின், நாய் காட்டும் அன்பைப் பாம்பினிடத்து எதிர்பார்த்தல் வீண். அது மனிதரின் கைக்கு அஞ்சாதிருக்கப் பழகுமேயன்றி, வாலாட்டி வரவேற்பதில்லை. பசித்தாற் குரைப்பதுமில்லை, குளிர்ந்தால் முனகுவதுமில்லை. இதனால் வளர்ப்போன் கடமை குறைந்துவிடுவதன்று, மிகுவதேயாம். கேளாத உயிரின் தேவையைக் குறிப்பால் அறிந்து உதவும் பொறுப்பு அவனைச் சாருகின்றது.

அப்பொறுப்புகளுள் முதலாவது வெப்பம். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கி நிலைநிறுத்த வல்லதன்று. ஆதலின், பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒருபுறம் ஏறக்குறைய 32 பாகை செல்சியசும், மறுபுறம் ஏறக்குறைய 26 பாகையுமாக இருத்தல் வேண்டும். பாம்பு தனக்கேற்ற இடத்தைத் தானே தெரிந்து கொள்ளும். வெப்பமூட்டி அளவு கடப்பின் உடலைச் சுட்டுவிடும். ஒளிந்திருக்க இடமும், தூயநீரும், தப்பியோடாவாறு இறுகப் பூட்டும் மூடியும் இன்றியமையாதன. இரையாக, உறையச் செய்து வைத்த எலியை இளகவைத்து இடுக்கியாற் கொடுத்தல் நன்று. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்படுத்துதலும் உண்டு. பாம்பைத் தொட்டபின் கைகழுவுதலை மறத்தலாகாது. சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமி பாம்பினின்றும் மனிதரைப் பற்றக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

கடமைகளுட் பெரிதாவது காலம் பற்றியது. சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகளும், பந்து மலைப்பாம்பு முப்பது ஆண்டுகளும் வாழ்தல் கூடும். 1961இல் ஒருவர் தம் பந்து மலைப்பாம்பை அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்கியற் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். அது 2020இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், முட்டையிட்டு யாவரையும் வியப்பித்தது. பள்ளிச் சிறுவன் ஆசையால் வாங்கும் பாம்பு, அவன் தந்தையான பின்னும் உயிரோடிருக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இதனை எண்ணாதார் செய்கையால் விளைந்த கேட்டுக்குப் புளோரிடா மாநிலமே சான்று. பர்மிய மலைப்பாம்பு குட்டியாயிருக்கையிற் கையிலடங்கும். வளர்ந்தபின் ஐந்து மீற்றர் நீளத்தையும் எட்டும். வைத்திருக்க இயலாதவர் விட்டுவிட்டனவும் தப்பியோடியனவும் எவகிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்திற் பல்கிப் பெருகின. இரக்கூன் என்னும் விலங்கு அங்கே காணப்படும் அளவு 99 சதவீதத்துக்கு மேற் குறைந்துவிட்டதென 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு இப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. அதே பாம்பு தன் தாயகமாகிய தென்கீழ் ஆசியாவில் அருகி வருதல் இரங்கத்தக்கது.

இலங்கையிற் பெரும்பாலான பாம்பினங்கள் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை; அவற்றைக் காட்டினின்றும் பிடித்து வீட்டில் அடைத்தல் தகாது. அவற்றை இருந்தவிடத்திலேயே கொல்லாது விடுதல் இந்நாட்டார்க்குரிய கடமையாம். பிறநாட்டிற் சட்டத்துக்கமைய வளர்ப்போரும், பாம்பை வாங்குமுன், இறுதிவரை பேணும் ஆற்றல் தமக்குண்டோ என உசாவுதல் வேண்டும். நன்றி காட்டும் உயிரைப் பேணுதல் யார்க்கும் எளிது. நன்றி காட்ட அறியாத உயிரையும் அதன் வாழ்நாள் முழுவதும் முறையாகப் பேணுவோனே வளர்ப்போன் என்னும் பெயருக்கு உரியவனாவான்.