தக்காளித் தோட்டத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி

பறக்கும் பூச்சியை ஈர்க்கும் நிறத்தைப் பூசி, அதன்மேல் காயாத பசையைத் தடவிய தகடுதான் ஒட்டுப்பொறி. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அட்டையாக இருக்கலாம். பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரமாகவும் இருக்கலாம். நிறத்தை நாடி வரும் பூச்சி உட்கார்ந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், நஞ்சும் வேண்டாம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள தக்காளித் தோட்டங்களில் இந்தப் பொறிக்கு வேலை அதிகம். தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. இன்று கோலார் மாவட்டத்தின் பெயரை வெளிமாநிலச் சந்தைகளுக்குக் கொண்டுபோவது 15 கிலோ தக்காளிப் பெட்டிகள். ஆழ்துளைக் கிணற்று நீரையும் சொட்டுநீர்க் குழாயையும் நம்பி இங்கே ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் தக்காளி நின்றுகொண்டே இருக்கிறது. அதனால் தக்காளியை நம்பி வாழும் பூச்சிக்கும் பஞ்சக் காலம் என்பதே இல்லை.

அந்தப் பூச்சிகளில் முதன்மையானது வெள்ளை ஈ. ஈ என்று பெயர் இருந்தாலும் அசுவினி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இறக்கைமேல் வெண்ணிற மெழுகுத்தூள். இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து ஓரிடத்தில் பதிந்தால், இறக்கை முளைக்கும்வரை அங்கேயே சாறு குடித்துக்கொண்டிருக்கும். சாறு போவதைவிடப் பெரிய இழப்பு, இந்தப் பூச்சி பரப்பும் இலைச்சுருள் வைரஸ். நோய் கண்ட செடியின் இலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாகி நின்றுவிடும். நட்ட சில வாரங்களிலேயே நோய் தொற்றினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது. 2023 ஜூலையில் கோலார் சந்தையில் ஒரு பெட்டித் தக்காளி ரூ.2,000-ஐத் தாண்டியபோது, வரத்துக் குறைவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நோயும் ஒன்று.

வெள்ளை ஈயின் வரலாற்றில் கோலாருக்குத் தனி இடம் உண்டு. உலகின் பல நாடுகளில் பயிர்களை அழித்த ‘பி’ வகை வெள்ளை ஈ, இந்தியாவில் முதன்முதலாக 1999-இல் கோலார் மாவட்டத்தில்தான் கண்டறியப்பட்டது. அது தக்காளியிலேயே நன்றாகப் பெருகக்கூடியது. அதன் குஞ்சுகள் சாறு குடித்த பூசணி இலை வெள்ளி பூசியதுபோல் மாறும். இந்த அறிகுறி உள்ளூர் வகைகளால் வருவதில்லை. பூச்சியை மட்டும் பார்த்து எது எந்த வகை என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. மரபணுச் சோதனைதான் சொல்லும். ஆகவே ஒட்டுப்பொறி தரும் கணக்கில் எல்லா வகையும் கலந்தே இருக்கும்.

பொறி ஏன் மஞ்சளாக இருக்க வேண்டும்? பச்சை இலை பிரதிபலிக்கும் ஒளியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 550 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி மிகுந்திருக்கும். மஞ்சள் தகடு அதே பகுதியை இலையைவிடப் பன்மடங்கு வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. நீலத்தையும் புற ஊதாவையும் விழுங்கிவிடுகிறது. வெள்ளை ஈயின் கண்ணுக்கு அது இலையைக் காட்டிலும் சிறந்த இலை. லாரன்ஸ் மவுண்ட் என்ற பூச்சியியலாளர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஈ இரண்டு வித ஒளிக்கு ஈர்க்கப்படுவதைக் காட்டியது: ஒன்று நீலம், புற ஊதா; மற்றொன்று மஞ்சள். முன்னது இடம்பெயர்ந்து பறப்பதோடும், பின்னது செடியில் இறங்கி உண்பதோடும் தொடர்புள்ளது என்று அவர் விளக்கினார். இலைப்பேன்களில் பல வகை பூவை நாடுபவை. அவற்றுக்கு நீல அட்டை கூடுதலாகப் பொருந்தும். தக்காளியில் மொட்டுக்கருகல் வைரஸைப் பரப்புவது இலைப்பேன்தான் என்பதால் சில நீல அட்டைகளையும் சேர்த்துத் தொங்கவிடுவது நல்லது. இலையில் வெள்ளைக் கோலம் போட்டதுபோல் சுரங்கம் குடையும் சிற்றீயும் மஞ்சளுக்கே வரும்.

கடை அட்டையின் பசை வாரக்கணக்கில் காயாது, மழைக்கும் கரையாது. வீட்டில் செய்வதானால் தகரத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள் எனாமல் பெயின்ட் அடித்து, உலர்ந்தபின் விளக்கெண்ணெயோ கிரீஸோ தடவினால் போதும். விளக்கெண்ணெய் சில நாட்களில் தூசியேறிப் பிடிப்பை இழக்கும். துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். கோடைக் காற்றில், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேடுகளின் பொடிமண் பறக்கும் தங்கவயல் பக்கத்தில் இந்தத் துடைப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தூசி படிந்த பொறி மஞ்சளாகவும் தெரியாது, பூச்சியையும் பிடிக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி வெள்ளை ஈக்கு ஹெக்டேருக்கு 12 பொறி, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 5, என்று பரிந்துரைக்கிறது. செடியின் நுனிக்குச் சற்று மேலே பொறி தொங்க வேண்டும். செடி வளர வளர அதையும் உயர்த்தவில்லை என்றால், இலைக்குள் மறைந்து பயனற்றுப் போகும். தக்காளிக்கு ஊன்றிய கழியிலேயே கட்டிவிடலாம் என்பதால் இது பெரிய வேலையில்லை. சில பொறிகளைத் தோட்டத்தின் ஓரத்தில், குறிப்பாக அறுவடை முடிந்த பழைய தக்காளி நிற்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். விலை சரிந்ததால் பறிக்காமல் விட்ட தோட்டம் வாடத் தொடங்கும்போது, அங்கே வளர்ந்த ஈக்கள் கூட்டமாகக் கிளம்பிப் பக்கத்து இளஞ்செடிக்கு வரும். ஓரப் பொறிதான் அதை முதலில் காட்டும்.

பெரும்பாலான தோட்டங்களில் பொறியைக் கட்டியதோடு வேலை முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. வாரம் இருமுறை, குறித்த நாட்களில், ஒவ்வொரு பொறியிலும் ஒட்டியிருப்பதை எண்ணி எழுத வேண்டும். அட்டை நிறைய ஈயிருந்தால், அச்சிட்ட கட்டங்களில் நாலைந்தை மட்டும் எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். கைலென்ஸ் ஒன்று அவசியம். அது இல்லாமல் இலைப்பேனையும் தூசியையும் பிரித்தறிவது கடினம். எண்ணியபின் பழைய பூச்சிகளைத் துடைக்காவிட்டாலோ அட்டையை மாற்றாவிட்டாலோ, இந்த வாரத்து வரவு தெரியாது. ஒரு நாளின் எண்ணிக்கையைவிட, இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே செய்தி. ஏறினால், இலையைப் புரட்டி அடிப்பக்கத்துக் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும். பறக்காத குஞ்சைப் பொறி ஒருபோதும் காட்டாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை என்று காலண்டரைப் பார்த்து மருந்தடிக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, தேவையான நாளைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவுகிறது. கணக்கில்லாமல் அடித்த மருந்துகளால்தான் வெள்ளை ஈ பல பூச்சிக்கொல்லிகளுக்குச் சாகாத பூச்சியாக மாறியிருக்கிறது.

பொறி பூச்சியைக் கட்டுப்படுத்துமா என்றால், மூடிய இடத்தில் ஓரளவு கட்டுப்படுத்தும். பசுமைக்குடிலில் வெளியிலிருந்து புதிய ஈ வருவது குறைவு என்பதால், நெருக்கமாகத் தொங்கவிட்ட அட்டைகள் இருக்கும் ஈக்களைக் கணிசமாகக் குறைக்கும். குழித்தட்டு நாற்றங்காலில் இதன் மதிப்பு இன்னும் கூடுதல். 25 நாள் நாற்று நோயின்றி வெளியே வந்தால் பாதிப் போர் முடிந்தது. அங்கே நுண்கண் நைலான் வலையும் மஞ்சள் அட்டையும் சேர்ந்தே இருக்க வேண்டும். திறந்த வயலில் நிலைமை வேறு. நூறு ஈ அட்டையில் ஒட்டியிருந்தாலும், வைரஸைச் சுமந்த சில ஈக்கள் தப்பிச் செடியில் அமர்ந்தால் நோய் வந்துவிடும். அதனால் வெளியில் பொறியோடு வேறு துணையும் தேவை: ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம், வரப்பில் பார்த்தீனியம் போன்ற களைகளை அகற்றுதல், நோய் கண்ட செடியை உடனே பிடுங்குதல், நோய் எதிர்ப்புள்ள ரகம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா ரக்ஷக்’ வீரிய ஒட்டு, இலைச்சுருளையும் சேர்த்து மூன்று நோய்களைத் தாங்கும்.

2014-இல் புணே பகுதியில் முதலில் தெரிந்து பின் கர்நாடகத்துக்கும் வந்த ஊசித்துளைப்புழுவுக்கு நிறம் மட்டும் போதாது. அதன் பெண் அந்துப்பூச்சியின் வாசனையை ஒத்த இனக்கவர்ச்சிப் பொருளைக் கூடாரவடிவப் பொறிக்குள் வைத்து, அதன் அடிப்பக்கத்தில் ஒட்டும் அட்டை விரிப்பார்கள். வருவது ஆண் அந்து மட்டுமே.

பசைக்கு நண்பனும் பகைவனும் ஒன்றுதான். பொறிவண்டுகளும், வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும் நுண்குளவிகளும் மஞ்சளில் ஒட்டிச் சாகின்றன. நீல அட்டை தேனீக்களையும் இழுக்கும். ஆகவே வெள்ளை ஈ இல்லாத நாட்களில் எண்ணத் தேவையான சில பொறிகளே போதும். குளவிகள் அதிகம் ஒட்டுவது தெரிந்தால் அந்த இடத்திலிருந்து அட்டையை எடுத்துவிடலாம். பயன்படுத்தித் தீர்ந்த பிளாஸ்டிக் அட்டையை வரப்பில் வீசக் கூடாது. பல்லிகளும் சிறு பறவைகளும் அதில் சிக்கும். பசைப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மற்ற பிளாஸ்டிக் கழிவோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். தகரப் பொறியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாம்.