திருச்சபை இசையும் தலைமுறை முரண்பாடும்

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து தேவாலயங்களில் முதியோர் கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் நிற்க, இளையோர் கிற்றார் ஒலிக்கக் கைதட்டிப் பாடும் குறும்பாடல்களை நாடுகின்றனர். இரு சாராரும் இதனை இரசனை பற்றிய பிணக்காகவே கொள்கின்றனர். இரசனையின் சமூக அடித்தளத்தை நாம் நோக்குதல் வேண்டும்.

இன்று மரபெனப் போற்றப்படும் கீர்த்தனையை முதலில் எடுத்துக்கொள்வோம். சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), தஞ்சையில் வழங்கிய கீர்த்தனை, குறவஞ்சி முதலிய வடிவங்களைக் கிறிஸ்தவப் பொருளுக்கு உரியனவாக்கினார். 1820களில் அங்கு பணியாற்றிய புதிய மிஷனரிமார் தமிழ்ப் பாடல்களை ஆராதனையிலிருந்து விலக்க முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்தெழுதினார். பண்பாட்டு ஆதிக்கத்துக்கு எதிரான குரல் என அதனைப் பாராட்ட இடமுண்டு. ஆயின், தேவாலயத்துள் சாதி வேறுபாட்டை ஒழிக்க அதே மிஷனரிமார் எடுத்த முயற்சியையும் அவர் அதே வேகத்துடன் கண்டித்தார். தமிழிசைக்காகவும் சாதி ஒழுங்குக்காகவும் எழுந்தது ஒரே குரல். மரபு பேசுவோர் முன்னதை மட்டும் நினைவிற் கொள்வது தற்செயலன்று.

மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டின் வரலாறு வேறு. மேனாட்டு மெட்டுக்குள் தமிழ்ச் சொல்லின் குறிலும் நெடிலும் நசுங்குவதைக் கேட்டோர் அறிவர். (அந்த நசுங்கலே பின்னர் புனிதத்தின் ஒலியாயிற்று!) அதற்குப் புத்தகம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும், ஓகன் பயின்ற ஒருவரும் வேண்டும். 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் பாடசாலையும் அச்சகமும் இவற்றுக்கு வழிசெய்தன. அக்கல்வியால் உருவான உத்தியோக வர்க்கத்துக்கு ஞானப்பாட்டு தன் தகுதியின் அடையாளமுமாயிற்று.

குறும்பாடலுக்கு இவையொன்றும் வேண்டியதில்லை. நான்கு அடிகள், மூன்றாம் முறை பாடும்போது புதிதாக வந்தவரும் சேர்ந்துகொள்வார். பெந்தெகொஸ்தே சபைகளும் தமிழ்நாட்டு ஒலிநாடாக்களும் அதனைப் பரப்பின. 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தபோது ஓகனையும் பாட்டுப் புத்தகத்தையும் யார் சுமந்து சென்றிருப்பர்? எழுத்தறியாதவரும் பின்வாங்கில் இருத்தப்பட்டவரும் உரத்துப் பாட இடமளித்த வடிவத்தைத் தரங்குறைந்ததென ஒதுக்குவதில் வர்க்கக் கூச்சம் ஒன்று ஒளிந்திருப்பதாகவே எமக்குப் படுகிறது.

எனினும் குறும்பாடலை மக்கள் இசையென வரவேற்க நாம் தயாரில்லை. அது சந்தைப் பண்டமாகவும் வளர்ந்துள்ளது. அதன் எழுவாய் பெரும்பாலும் 'நான்', அதன் பொருள் வெற்றியும் ஆசீர்வாதமும். கத்தோலிக்கர் தவக்காலத்தில் வாசிக்கும், யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை இங்கு ஒப்புநோக்கலாம். அதிலே ஊர் முழுவதும் கூடியிருந்து ஒரு தாயின் துயரைத் தன் துயராகக் கேட்கிறது. 2009இன் பின்னரும் காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் எமது தேவாலய வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களது ஒப்பாரிக்கு ஆராதனையில் எவ்விடம் என்று கீர்த்தனைக்காரரும் கேட்கவில்லை, கிற்றார்காரரும் கேட்கவில்லை. வழக்கு இன்னும் வாத்தியத்தைப் பற்றியதாகவே நடக்கிறது.