மூச்சுக் கருவியில் உப்புத் தங்கலாமா?

மன்னார், யாழ்ப்பாணம், கற்பிட்டிக் கரைகளில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகள் பலர் வளிச் சிலிண்டரைச் சுமந்தே கடலில் இறங்குகின்றனர். சிலிண்டருக்கும் வாய்க்கும் இடையில் உள்ள றெகுலேற்றர் என்னும் கருவியிலேயே அவர்களது உயிர் தங்கியுள்ளது. அதனை உப்பு அரிக்காமல் காப்பது எப்படி என்பதை இங்கு நோக்குவோம்.

நிரப்பிய சிலிண்டரில் வளியமுக்கம் ஏறத்தாழ 200 பார். றெகுலேற்றரின் முதற் பகுதி அதனை 10 பார் அளவுக்குக் குறைக்கின்றது. வாயில் வைக்கும் இரண்டாம் பகுதி, மூச்சை இழுக்கும்போது மட்டும் வளியைத் தருகின்றது. முதற் பகுதி பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளையால் ஆனது. கடல்நீர் உலர்ந்ததும் உப்புப் பளிங்குகள் இடுக்குகளில் இறுகுகின்றன. பூச்சுக் கீறிய இடத்தில் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கின்றது. வால்வு சிக்கினால் வளி நில்லாமல் பீறிட்டுச் சில நிமிடங்களில் சிலிண்டர் வெறுமையாகலாம். அல்லது மூச்சிழுப்பது கடினமாகலாம். பதறி விரைந்து மேலெழும் சுழியோடிக்கு நுரையீரல் கிழியலாம். இரத்தத்தில் நைதரசன் குமிழிகள் தோன்றிக் கைகால் முடங்கலாம்.

இதனைத் தடுக்க ஒரு வாளி நன்னீர் போதும். செய்ய வேண்டியவை:

1. கருவியைக் கழற்றியதும் தூசு மூடியை ஈரமின்றித் துடைத்து, வளி நுழையும் வாயில் இறுக்கிப் பூட்டுங்கள்.

2. உப்பு உலருமுன் நன்னீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அப்போது வாய்ப்பகுதியின் பொத்தானை அழுத்த வேண்டாம். அழுத்தினால் வால்வு திறந்து, நீர் குழாய்வழியே உள்ளே செல்லும்.

3. வாய்ப்பகுதியினூடாகவும் முதற் பகுதியின் வெளித் துளைகளினூடாகவும் நீரை மெதுவாக ஓடவிடுங்கள்.

4. குழாய்கள் மடியாதபடி நிழலில் உலர்த்துங்கள். வெயில் றப்பரைக் கெடுக்கும்.

வாடிகளில் நல்ல தண்ணீர் அரிது என்பதை நாம் அறிவோம். உவர்க் கிணற்று நீரில் முதலில் அலசி, இறுதி அலசலுக்கு மட்டும் நன்னீரைப் பயன்படுத்தலாம். படகுச் சாமான்களுடன் ஒரு கான் நன்னீரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

தேங்காயெண்ணெயோ இயந்திரக் கிறீஸோ பூசவே கூடாது. அவை சுவாசிக்கும் வளியை மாசாக்கும். கனிய எண்ணெய் றப்பரையும் ஊதச் செய்யும். களிம்பை நீக்க முழுக் கருவியையும் வினாகிரியில் அமிழ்த்துவதும் தவறு. பயிற்சி பெற்றவரே பாகங்களைப் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையேனும் இதனைச் செய்வியுங்கள்.

வளி நுழையும் வாயிலுள்ள சிறு வடியையும் அடிக்கடி பாருங்கள். அது பச்சையானால் உள்ளே நீர் புகுந்துள்ளது. செம்பழுப்பானால் உருக்குச் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்துள்ளது. மூடிய சிலிண்டரில் துரு ஒட்சிசனையே உறிஞ்சிவிடும். இவ்வடையாளங்களில் எதைக் கண்டாலும், பரிசோதித்துத் திருத்தும் வரை அக்கருவியுடன் எவரும் கடலில் இறங்கலாகாது. ஒரு நாள் தொழிலை இழந்தாலும் மறுநாள் ஈடுசெய்யலாம்.