நிக்கல் பளபளப்புக்கு அடியில் துரு! பழைய ரிவால்வர் வாங்குவோர் உஷார்!

சென்னிமலை,
தறிச் சத்தம் கேட்கும் ஊருக்குள் அவ்வளவாகப் பயம் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் வயசானவர்கள் பாடுதான் திண்டாட்டம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் 3 பேர் கொலை. 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் வயோதிகத் தம்பதி கொலை. "ஒரு ரிவால்வர் வாங்கி வெச்சுக்கலாமுங்களா?" என்ற கேள்வி வராமல் இருக்குமா?

வாங்கலாம். ஆனால் முதலில் லைசென்ஸ். ஈரோடு கலெக்டருக்கு மனு, போலீஸ் விசாரணை, துப்பாக்கிப் பயிற்சி சர்டிபிகேட் எல்லாம் முடிய வேண்டும். லைசென்சில் பொதுவாகக் கிடைக்கும் ரிவால்வர் .32 ரகம். .38 ரகம் தடை செய்யப்பட்டது.

சீமைச் சரக்கு மோகம்

புதுசு என்றால் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர். அங்கே 2014-ல் வந்த 'நிர்பீக்' எடை அரை கிலோதான். அப்போதே விலை சுமார் ரூ.1 லட்சத்து 22 ஆயிரம்! ஆனாலும் ஆசை என்னவோ வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் மேல்தான். 1980-களின் நடுவில் இறக்குமதி நின்று போனதால், இவை லைசென்ஸ்காரர்களுக்குள் கைமாறித்தான் வரும். சொன்னதுதான் விலை!

வெப்ளியை நடுவில் மடக்கினால் காலித் தோட்டாக்கள் எழும்பி விழும். கான்பூர் சரக்கும் இதே ஜாதிதான்.

நிக்கலா, நீலமா?

கருநீலப் பூச்சு மெல்லிசு. வியர்வைக் கையோடு தொட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடைக்காமல் வைத்தால் துரு பிடிக்கும். நிக்கல் முலாம் வியர்வையைத் தாங்கும். பெயர ஆரம்பித்தால் செதில் செதிலாக வரும்.

தில்லுமுல்லு நடப்பது இங்கேதான். துருப்பிடித்த பழசைத் தேய்த்து, புது முலாம் பூசி, பளபளவென்று நீட்டுவார்கள். கம்பெனி முத்திரை மழுங்கியிருக்கிறதா, திருகாணிக் குழி ஓரம் தேய்ந்து பள்ளமாயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி நிக்கலில் சுத்தியலுக்கும் விசைக்கும் பெரும்பாலும் முலாம் இருக்காது. அவையும் மின்னினால், பிற்பாடு யாரோ பூசியது! அங்கங்கே தேய்ந்திருந்தாலும் அசல் பூச்சுக்குத்தான் மதிப்பு.

தேய்த்த தேய்ப்பில் நம்பர் அழிந்திருந்தால் கையால் தொடாதீர்கள். ஆயுதச் சட்டம் 8-வது பிரிவு பாயும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கே மடியில் கட்டிக்கொண்டு வர முடியாது. வாங்குபவர் பெயர், விலாசத்தோடு விற்பவர் கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கை மாறும்.