திறன் பொதுத் தொலையியக்கி

திறன் பொதுத் தொலையியக்கி என்பது தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், குளிர்சாதனம் போன்ற பல வீட்டுக் கருவிகளைச் செல்பேசி வழியாக இயக்க உதவும் மின்னணுக் கருவி ஆகும். ஸ்மார்ட் ரிமோட் என்றும் இதனை அழைப்பர். பிற தொலையியக்கிகளின் குறிகளைக் கற்றுக்கொள்ளும் 'கோர்' என்ற தொலையியக்கியை, ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-இல் வெளியிட்டார்.

அமைக்கும் முறை

முதலில் இக்கருவி வீட்டின் வை-ஃபை வலையமைப்பில் இணைக்கப்படுகிறது. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். பின்னர், இயக்க வேண்டிய சாதனத்தின் வகையும் நிறுவனமும் செயலியில் தெரிவு செய்யப்படும். பட்டியலில் இல்லாத சாதனமெனில், பழைய ரிமோட்டை இதன் எதிரே பிடித்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் குறிகளைப் பதியலாம். அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாது. எனவே சாதனம் உள்ள அறையிலேயே இதை வைக்க வேண்டும்.

குறைபாடு

அகச்சிவப்புத் தொடர்பு பொதுவாக ஒருவழிப்பட்டது. சாதனம் கட்டளையை ஏற்றதா என்பதைத் தொலையியக்கி அறியாது. இயக்கவும் அணைக்கவும் ஒரே குறியைப் பயன்படுத்தும் சாதனங்களில், மின்தடைக்குப் பின் செயலி காட்டும் நிலையும் உண்மை நிலையும் மாறுபடலாம். ஆகவே, ஆளில்லா வீட்டில் அறைச் சூடேற்றி போன்றவற்றை இதனால் இயக்குவது பாதுகாப்பன்று.