புழுவுக்குள் ஒரு குடித்தனம்

மேற்கு ஆப்பிரிக்காவில் வோல்டா நதியின் கிளைகள் பாறைகளில் மோதி நுரைத்தோடும் பள்ளத்தாக்குகளில், நீண்டதொரு கோலின் முன்நுனியைப் பற்றிச் சிறுவன் ஒருவன் வழிகாட்டி நடக்க, பின்நுனியைப் பிடித்தபடி கண்ணிழந்த முதியவர் அவனைத் தொடரும் காட்சி, முன்னொரு காலத்தில் ஊருக்கு ஊர் காணக்கூடியதாக இருந்தது. விரைந்தோடும் நீரில் வளரும் ஒருவகைக் கரிய ஈயின் கடியால் பரவுவது பற்றியே, பார்வையைப் பறிக்கும் அவ்வியாதிக்கு ‘ஆற்றுக் குருடு’ என்ற பெயர் வந்தது. அதற்கு அஞ்சியே செழித்த ஆற்றங்கரைகளைக் கைவிட்டு, வறண்ட மேட்டு நிலங்களுக்கு ஜனங்கள் குடிபெயர்ந்தார்கள்.

வியாதிக்குக் காரணம் ஆன்கோசெர்க்கா என்னும் புழு. நூல்போல் மெலிந்து, ஒரு முழம் வரை நீளும் பெண் புழு, தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும். நோயாளியின் இடுப்பெலும்பின்மேல் விரலை வைத்து அழுத்தினால் சுண்டைக்காய்போல் ஒரு முடிச்சு உருளுமே, அதுதான் அதன் இருப்பிடம். பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடிருந்து நாள்தோறும் ஆயிரம் குஞ்சுகள் அளவுக்கு ஈனும். அக்குஞ்சுகள் தோலெங்கும் ஊர்ந்து தாங்கவொண்ணாத அரிப்பை உண்டாக்கி, கண்ணையும் அடைந்து, அங்கே மடியும்போதுதான் பார்வை நாசமாகிறது.

1970-களில் இத்தகைய புழுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அவற்றின் உயிரணுக்களுக்குள் பாக்டீரியா போன்ற நுண்ணுருக்களைக் கண்டபோதிலும், இன்னவை என்று துணிய மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்னும் இருவர் அமெரிக்காவில் கொசுவின் உடலில் கண்டறிந்த வோல்பாக்கியாவின் இனமே அது. கொசு அது இல்லாமலும் காலம் தள்ளும். இப்புழுவுக்கோ அது இன்றியமையாத துணை. தாயின் முட்டை வழியாகவே சந்ததிக்குச் செல்லும் அப்பாக்டீரியா அழிந்தால், புழுவின் கரு வளர்வதில்லை.

கண்ணைக் கெடுப்பதிலும் அதன் பங்கு பெரிது. பாக்டீரியா நீக்கப்பட்ட புழுக்களின் சாறு எலியின் கருவிழியை மிகக் குறைவாகவே மங்கச் செய்தது என்று 2002-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. மடிந்த குஞ்சின் உடலிலிருந்து வெளிப்படும் பாக்டீரியாவை எதிர்த்து நமது இரத்தத்தின் வெள்ளணுக்கள் தொடுக்கும் போரே, தெளிந்த விழிப்படலத்தை வெளுக்கச் செய்கிறது. புழுவை மட்டுமே சத்துருவாக எண்ணி நெடுங்காலம் போராடிய வைத்திய உலகம் இதை அறிந்தபோது அடைந்த ஆச்சரியத்தை என்னால் உணர முடிகிறது.

1987 முதல் மெர்க் நிறுவனம் இலவசமாக வழங்கிவரும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து, குஞ்சுகளை அழிக்குமேயன்றித் தாய்ப் புழுவை எளிதில் கொல்லாது. ஆனால் கானா நாட்டு நோயாளிகளுக்கு ஆறு வாரம் அன்றாடம் 100 மில்லிகிராம், பாக்டீரியாவை ஒடுக்கும் டாக்சிசைக்ளின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, புழுக்களின் கரு வளர்ச்சி நின்றது என்ற செய்தி 2000-இல் வெளியாயிற்று. தாய்ப் புழுக்களும் காலப்போக்கில் மடிவதைப் பிந்தைய சோதனைகள் காட்டின. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாத மாத்திரை அது. வாரக்கணக்கில் விழுங்கவும் வேண்டும்.

இருப்பினும் மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே லோவா என்னும் வேறொரு புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் மிகுந்துள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால், அவை திரள் திரளாக மடிந்து மூளையைத் தாக்கி, உயிருக்கே ஆபத்தாகக்கூடும். லோவாவுக்குள் வோல்பாக்கியா குடியிருப்பதில்லை. ஆகையால் டாக்சிசைக்ளின் லோவாவைத் தொடாமல் விட்டு, ஆன்கோசெர்க்காவை மாத்திரம் மெல்ல மெல்ல மாய்க்கிறது.